குழந்தையை யாரிடம் கொடுக்கலாம்

சுந்தரம்மாள் என் வீட்டுக்குள் முதன்முதலாக நுழைந்தபோது முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நுழைந்தாள். கைக்குழந்தைகள் கிடக்கிற வீடு. மூத்திரம் நாறும், புளித்த பால் நாறும், சில நேரம் அதைவிட மோசமாகவும் நாறும். நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் குழந்தைகள் நலச் சங்கத்தின் தலைவி என்று சொல்லிக்கொண்டு வந்தவளுக்குக் குழந்தை நாற்றமே ஆகவில்லை என்றால் அவள் எதைப் பார்க்க வந்தாள்? அன்றைக்கெல்லாம் அவளை மரியாதையாக ‘அம்மா’ என்றுதான் அழைத்துக்கொண்டிருந்தேன். இப்போது வாய் வரமாட்டேன் என்கிறது.

நான் ஜெயபாக்கியம். போடியில் சந்தைக்குப் பின்னால் இரண்டு அறை உள்ள ஓட்டு வீடு எனக்கு. என் வீட்டுக்காரர் ஜீப்பு ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார், நெஞ்சுவலியில் போய்விட்டார். அதற்குப் பிறகு எனக்குப் பிழைக்க ஒரு வழி வேண்டியிருந்தது. மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்களுக்குப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக ஓர் இடம் வேண்டியிருந்தது. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்திக்கொண்டன.

விடியும் முன்பே அவர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்பு போடிமெட்டுப் பக்கம் ஏறிவிடும். ஏலத்தோட்டத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அட்டை கடிக்கும், குளிர் அடிக்கும், செடிக்கு மருந்தடித்த வாடை மூக்கைவிட்டுப் போகாது. அதனால் தூக்கம் கலையாத பிள்ளைகளை அப்படியே கொண்டுவந்து என் பாயில் கிடத்திவிட்டு ஓடுவார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். இதற்கு இடையில் நான் யாரிடமும் எதையும் எழுதி வாங்கியதில்லை, எழுதிக் கொடுத்ததுமில்லை.

1979-ஆம் வருஷம் உலகம் முழுக்கக் குழந்தைகள் ஆண்டு என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உடனே எங்கள் ஊர் ஏலக்காய் வியாபாரிகளின் வீட்டுப் பெண்களுக்கும் குழந்தைகள் மேல் பாசம் பொங்கிவிட்டது. ஒரு சங்கம் வைத்தார்கள். ஏலக்காய் மண்டி ராஜாராமின் மனைவி சுந்தரம்மாள் தலைவி. ஞானசெல்வி என்ற பள்ளிக்கூட டீச்சர் செயலாளர். வீட்டில் பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்கிற என்னைப் போன்றவர்களுக்குப் பால் பவுடரும் கோதுமை ரவையும் கொடுப்பார்களாம். ஆனால் சும்மா இல்லை. பிள்ளைகளை எப்படிப் பார்த்துக்கொள்வோம் என்று விதிகளை எழுதி, கண்ணாடி போட்டு, சுவரில் மாட்டியிருக்க வேண்டும். மாதாமாதம் வந்து பார்ப்பார்கள். விதி மீறினால் பால் பவுடர் நிற்கும்.

விதிகள் எல்லாமே மோசம் என்று சொல்லமாட்டேன். தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்றார்கள். நல்லதுதான், விறகு யார் தருவார்கள் என்று கேட்டேன். அதற்கு விதி இல்லை. காய்ச்சல் கண்ட பிள்ளையைச் சேர்க்கக் கூடாது என்றார்கள். அப்படியானால் காய்ச்சலோடு அந்தப் பிள்ளையை மலைக்கா தூக்கிக்கொண்டு போவாள் என்று கேட்டேன். சுந்தரம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அது தாயின் பொறுப்பாம்.

அடிக்கக் கூடாது, இருட்டறையில் போட்டுப் பூட்டக் கூடாது என்றெல்லாம் எழுதிக்கொண்டே போனார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த விதி ஒன்று இருந்தது. குழந்தையை எந்த வேலைக்கும் ஏவக் கூடாது. ஒரு குழந்தையை இன்னொரு குழந்தை பார்த்துக்கொள்ளும்படி விடக் கூடாது. இதைச் சுந்தரம்மாளே சொல்லச் சொல்ல டீச்சர் எழுதினாள். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டே வளர்கிற பெண் பிள்ளைகளை இந்த ஊரில் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். அது தப்பு என்று ஒருத்தி எழுதச் சொல்கிறாளே, பரவாயில்லையே என்று அவள்மேல் எனக்குக் கொஞ்சம் மதிப்புகூட வந்தது. நினைத்தால் இப்போது குமட்டுகிறது.

கடைசி விதி, குழந்தையை யாரிடம் ஒப்படைக்கலாம் என்பது. ஒவ்வொரு பிள்ளைக்கும் நேராக, கூட்டிப்போக உரிமை உள்ள ஆளின் பெயரை எழுத வேண்டும். தாய் போக இன்னும் ஒரு பெயர். அந்தப் பெயர் இல்லாத யாரிடமும் பிள்ளையைக் கொடுக்கக் கூடாது. பெயரைச் சேர்ப்பதானாலும் மாற்றுவதானாலும் பெற்றவள் நேரில் வந்து தன் வாயால் சொல்ல வேண்டும்.

இந்த விதியை எழுதியவர்களுக்கு எங்கள் பெண்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. மலைக்கு ஜீப்பு போகாத ஒரு நாள் பார்த்துத் தாய்மார்களை என் வீட்டில் கூட்டி உட்கார வைத்தார்கள். டீச்சர் பேனாவைத் திறந்தாள். முதலில் மாயக்காள்.

“புருஷன் பேரைச் சொல்லும்மா.”

மாயக்காள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். “அவுக பேரையா? அதெப்பிடி டீச்சர் சொல்றது?”

மாயக்காளின் புருஷன் பெயர் அமாவாசை. அவள் அந்தத் திதியைக்கூட ‘நெலா இல்லாத நாளு’ என்றுதான் சொல்வாள். மற்றவர்கள் எல்லாம் சேர்ந்து சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவள் அவளுக்காகச் சொன்னாள். அடுத்து அந்தப் பக்கத்துக்காரியின் முறை வந்தது. இவள் வாயும் மூடிக்கொண்டது. மாயக்காள் பழிவாங்குகிற மாதிரி சத்தமாகச் சொன்னாள். இப்படியே ஒருத்தி புருஷன் பெயரை இன்னொருத்தி சொல்லி, கல்யாண வீடு மாதிரி கேலியும் கும்மாளமுமாக வேலை நடந்தது. சுந்தரம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அவளும் ராஜாராமை ‘முதலாளி’ என்றுதான் சொல்வாள், பெயர் சொல்லமாட்டாள். அது வேறு சங்கதி.

மருதாயி முறை வருவதற்குள் தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. போடியில் குழாயில் தண்ணீர் வந்தால் யார் நிற்பார்கள்? குடத்தைத் தூக்கிக்கொண்டு மருதாயி தவிர அத்தனை பேரும் ஓடிவிட்டார்கள். நான் பின்கட்டில் ஒரு பிள்ளைக்குக் கால் கழுவிக்கொண்டிருந்தேன். இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும் அப்பியிருந்தான், பாதியில் விட்டுவிட்டு வர முடியவில்லை. மருதாயிக்காகப் பெயர் சொல்ல ஆள் இல்லை. டீச்சருக்குப் பஸ்சைப் பிடிக்கிற அவசரம்.

“யாரு வந்து பிள்ளையக் கூட்டிட்டுப் போவா? வெரசாச் சொல்லு.”

“தவசி” என்றாள் மருதாயி.

“யாரு தவசி?”

“கூடப் பெறந்தவன். குரங்கணில காப்பித் தோட்டத்துல இருக்கான்.”

டீச்சர் எழுதிக்கொண்டாள். புருஷன் பெயர் வாயில் வரவில்லை, தம்பி பெயர் வந்தது. அவ்வளவுதான். மருதாயியின் மகள் சுருளிக்கு நேராக அவளுடைய தாய்மாமன் பெயர் ஏறியது. அப்பன் உக்கிரபாண்டியின் பெயர் ஏறவில்லை. எழுதி முடித்ததைக் கண்ணாடி போட்டு மாட்டிவிட்டு, போகும்போது சுந்தரம்மாள் வாசலில் நின்று விரலை ஆட்டினாள்.

“இந்தா ஜெயபாக்கியம், இனி கலெக்டரே வந்து நின்னாலும் இதுல பேரு இல்லைன்னா பிள்ளையக் குடுக்கக் கூடாது. தெரியுதா?”

“தெரியுதுங்கம்மா” என்றேன்.

சாயங்காலம் மருதாயி கூச்சத்தோடு வந்து, “யக்கா, அவுக பேரு விட்டுப் போச்சு” என்றாள். சேர்த்துக்கொள்ளலாம் என்றேன். ஆனால் அவளும் அவசரப்படவில்லை, நானும் அவசரப்படவில்லை. உக்கிரபாண்டி தன் மகளைக் கூட்டிப்போக ஒரு நாளும் வந்தவன் இல்லை. மருதாயி மலையில் சம்பாதித்ததைக் கீழே குடித்துக்கொண்டு, புளியமரத்தடியில் சீட்டாடிக்கொண்டிருந்தான். என் வீட்டு வாசல் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியாது.

சுருளிக்கு அப்போது ஆறு வயசு இருக்கும். என்னிடம் இருந்ததிலேயே பெரியவள். அடுத்த வருஷமாவது பள்ளிக்கூடத்தில் போட்டுவிட வேண்டும் என்று மருதாயி பாதி நாள் அதையே பேசிக்கொண்டிருப்பாள். சுருளி துருதுருவென்று இருப்பாள். தூளியில் கிடக்கிற குழந்தை அழுதால் நான் எழுவதற்குள் ஓடிப்போய் ஆட்டுவாள். ஒரு தடவை சங்கத்துக்காரர்கள் மேற்பார்வை பார்க்க வந்த நேரம் அவள் ஒரு கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, “ஜோ ஜோ” என்று நடந்துகொண்டிருந்தாள். சுந்தரம்மாளுக்கு வந்ததே கோபம்.

“சுவத்துல என்ன எழுதியிருக்கு? பிள்ளையைப் பிள்ளை தூக்கலாமா? நீ எதுக்கு இருக்க?”

எனக்கு வெட்கமாகிவிட்டது. நியாயம்தானே. ஓடிப்போய்க் குழந்தையை வாங்கிக்கொண்டேன். ஆனால் சுந்தரம்மாள் நகரவில்லை. சுருளியையே பார்த்தாள். பக்கத்தில் கூப்பிட்டாள். மோவாயைப் பிடித்து முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினாள். கையைத் தூக்கிப் பார்த்தாள், சிரங்கு இருக்கிறதா என்று. தலைமுடியை விரலால் விலக்கிப் பேன் பார்த்தாள். வாயைத் திறக்கச் சொன்னாள். மூக்கைப் பொத்த மறந்துவிட்டாள். சந்தையில் கிடாரிக் கன்று பிடிக்கிறவன் இப்படித்தான் பார்ப்பான்.

“யாரு மக இது?”

“மருதாயி மக. ஒங்க தோட்டத்துக்குத்தான் மருதாயி காய் எடுக்கப் போகுது.”

“ம். சூட்டிகையான பிள்ளை” என்றாள். சுருளி சிரித்தாள். பெரிய வீட்டு அம்மா தன் தலையைத் தொட்டதில் அதற்கு ஒரே பெருமை. அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இப்படி ஒன்று நடக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. சுவரில் அத்தனை விதி தொங்கும்போது எப்படித் தோன்றும்?

பிறகு ஒரு நாள் உச்சி வெயிலில் என் வாசலில் ஜீப்பு வந்து நின்றது. தோட்டத்துக்குப் போகிற ஓட்டை ஜீப்பு இல்லை, ராஜாராம் வீட்டு ஜீப்பு. அதிலிருந்து உக்கிரபாண்டி இறங்கினான். குளித்திருந்தான், தலைக்கு எண்ணெய் வைத்திருந்தான், தோளில் புதுத் துண்டு. அவனை அந்த மாதிரிப் பார்த்தபோதே ஏதோ கேடு என்று தெரிந்துவிட்டது.

“யக்கா, பிள்ளைய அனுப்பு.”

“எங்க?”

“முதலாளியம்மா வீட்டுக்கு. அவுக மக மதுரைல இருக்குல்ல, பிள்ளை பெத்திருக்கு. தொட்டில் ஆட்டிவிட, தூக்கி வச்சுக்கிற ஒரு சின்னப் பிள்ளை வேணுமாம். அம்மா நம்ம சுருளியத்தான் கேட்டாக. நேரா மதுரைக்குக் கொண்டுபோய் விட்டுருவாக. எனக்கும் குடோன்ல வாட்ச்மேன் சோலி போட்டுத் தர்றேன்னு சொல்லிட்டாக.”

இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்கமாட்டேன். பெற்ற மகளைக் கொடுத்து ஒரு வாட்ச்மேன் நாற்காலி வாங்கிக்கொண்டு வந்து நின்றான். நாற்காலியில் உட்கார்ந்து தூங்குவதற்கு ஆறு வயசுப் பிள்ளை. த்தூ.

“மருதாயிக்குத் தெரியுமா?”

“அவகிட்ட என்ன கேக்குறது? நான்ல பெத்தவன்.”

இதற்குள் சுருளி ஜீப்பைப் பார்த்துவிட்டாள். தன் அம்மா தினமும் ஜீப்பில் போகிறாளே, தன்னை ஒரு நாளும் ஏற்றவில்லையே என்று அதற்கு ஏக்கம். “பெரியம்மா, நான் ஜீப்புல போறேன்” என்று வாசலுக்கு ஓடிவிட்டது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அழுது அடம்பிடித்திருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். எட்டிப் பிடித்துக் கையை இறுக்கிக்கொண்டேன்.

“ஒன் பேரு சுவத்துல இல்ல” என்றேன்.

“என்ன சுவரு?”

“எழுதிப் போட்டிருக்கு பாரு. மருதாயிக்கும் தவசிக்கும்தான் பிள்ளையக் குடுக்கலாம். ஒங்க முதலாளியம்மாவே எழுதச் சொன்னது.”

அவனுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் உள்ளே வந்து கண்ணாடிக்கு முன்னால் நின்று பார்த்தான். பார்க்கப் பார்க்க அவன் முகம் கறுத்தது. தன் மகளுக்கு நேராகத் தன் பெயர் இல்லை என்பதைவிட மச்சினன் பெயர் இருக்கிறது என்பதுதான் அவனைச் சுட்டிருக்க வேண்டும். வாயில் வந்ததையெல்லாம் பேசினான். என் செத்துப்போன வீட்டுக்காரரையும் இழுத்தான். கைக்குழந்தைகள் அலறின. நான் சுருளியை உள்ளறையில் விட்டுக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டேன். டிரைவர் ஆரனை அடித்தான். கடைசியில் இரண்டு பேரும் கிளம்பிப் போனார்கள்.

வெயில் இறங்கும்போது சுந்தரம்மாளே வந்துவிட்டாள். டீச்சரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். பின்னால் உக்கிரபாண்டி, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வளர்த்த நாய் மாதிரி. என் வீட்டில் இருந்த ஒரே நாற்காலியைத் துடைக்கச் சொல்லி உட்கார்ந்தாள். கொதிக்க வைத்த தண்ணீர் இருக்கிறது, தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

“என்ன ஜெயபாக்கியம், அப்பனுக்குப் பிள்ளையக் குடுக்க மாட்டேன்னியாமே?”

“நீங்க சொன்னதுதாங்கம்மா. கலெக்டர் வந்தாலும் குடுக்கக் கூடாதுன்னீங்க.”

“அது கண்டவனும் வந்து தூக்கிட்டுப் போயிரக் கூடாதுன்னு சொன்னது. அப்பன் கண்டவனா?”

“இருக்கட்டும்மா. பிள்ளைய வேலைக்கு ஏவக் கூடாது, பிள்ளையப் பிள்ளை பாக்கக் கூடாதுன்னும் எழுதியிருக்கே. அன்னைக்கு என்னைய வைஞ்சீங்களே.”

சுந்தரம்மாள் கோபப்படவில்லை. அதுதான் அருவருப்பு. விவரம் தெரியாதவளுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி பொறுமையாகப் பேசினாள். “இதெல்லாம் வேலைன்னு யாரு சொன்னா? மூணு வேளையும் நெல்லுச்சோறு. என் மூத்த பேத்தி போட்ட கவுனு. ஃபேனுக்கு அடியில படுத்துக்கிரும். இங்க இந்த நாத்தத்துல கிடக்கறதுக்கு அங்க நல்லா இருக்கும்ல? அந்த விதியெல்லாம் இந்த மாதிரி வீடுகளுக்கு எழுதினது.”

இந்த மாதிரி வீடுகளுக்கு. அந்த வார்த்தையைச் சொன்ன வாயில் வெற்றிலை மணந்தது. நான் நாளெல்லாம் பிள்ளைகளின் பீயை அள்ளுகிறவள். ஒரு நாளும் எனக்குக் குமட்டியது கிடையாது. அன்றைக்கு அந்த வெற்றிலை வாசனையில் எனக்கு வாந்தி வந்தது. நிஜமாகவே வந்தது. அடக்கிக்கொண்டேன்.

“சரி, பேரு இல்லைங்கறதுதானே ஒன் பிரச்சனை? டீச்சர், இவன் பேரை எழுது” என்றாள்.

ஞானசெல்வி பேனாவை எடுத்தாள். “அம்மா, தாய் வந்து சொன்னாத்தான் சேக்கலாம்னு நாமளே எழுதியிருக்கோமே” என்று முனகினாள். அவள் அன்று உருப்படியாகச் சொன்னது அது ஒன்றுதான். சுந்தரம்மாளுக்கு முகம் சுருங்கியது. உடனே சரியாகிவிட்டது. தன் தோட்டத்துக்குக் காய் எடுக்க வருகிற ஒருத்தி தன்னை எதிர்த்துப் பேசிவிடுவாளா என்ன? “வரட்டும், சொல்லட்டும்” என்று சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். பிறகு ஜீப்பு வருகிற வரைக்கும் விசிறியால் தன் மூக்குப் பக்கம் விசிறிக்கொண்டே இருந்தாள்.

மலையிலிருந்து ஜீப்பு வந்தது. பெண்கள் இறங்கி வந்தார்கள். மருதாயியின் விரல்களில் ஏலக்காய்க் கறை, கணுக்காலில் அட்டை கடித்து வழிந்த ரத்தம் காய்ந்துபோயிருந்தது. முதலாளியம்மா என் வீட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும், பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்து அவளுக்கு உயிரே இல்லை. சுருளி ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டு, “யம்மா, நான் மதுரைக்கு ஜீப்புல போறேன்” என்றது.

மருதாயி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். சுந்தரம்மாள் சொல்ல ஆரம்பித்தாள். நெல்லுச்சோறு, கவுன், ஃபேன் எல்லாம் மறுபடியும் வந்தன. புருஷனுக்குக் குடோனில் வேலை என்றாள். பேச்சோடு பேச்சாக, “நீயும் நம்ம தோட்டத்துலயே இருக்கப் போறவ” என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

“பள்ளிக்கூடத்துல போடணும்னு நெனச்சேன்” என்றாள் மருதாயி, சத்தமே இல்லாமல்.

“பொட்டப்பிள்ளை படிச்சு என்ன கிழிக்கப் போகுது?” என்றான் உக்கிரபாண்டி.

“அவன் பேரை இதுல சேக்கணும். நீ வாய் தெறந்து சொல்லணும்னு விதி” என்று சுந்தரம்மாள் சிரித்தாள். “ஒனக்குச் சொல்ல வராதுன்னு தெரியும். நான் சொல்றேன், நீ தலைய மட்டும் ஆட்டு. உக்கிரபாண்டிதானே?”

மருதாயி தலையை ஆட்டவில்லை. குனிந்து சுருளியின் மூக்கைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். நிதானமாகத் துடைத்தாள். வாசலில் மாயக்காளும் மற்றப் பெண்களும் பிள்ளைகளைத் தூக்காமல் அப்படியே நின்றார்கள். பிறகு அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“யக்கா, இதுல யாருக்குக் குடுக்கலாம்னுதான் எழுதணுமா? யாருக்குக் குடுக்கக் கூடாதுன்னும் எழுதலாமா?”

“எழுதலாம்டி” என்றேன். அப்படி ஒரு விதி கிடையாது. இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

“அப்ப எழுது. எம் மகள உக்கிரபாண்டிக்குக் குடுக்கக் கூடாது.”

மாயக்காள் வாயில் கை வைத்துக்கொண்டாள். ஒரு பிள்ளைகூட அழவில்லை என்று எனக்கு ஞாபகம், பொய்யாகவும் இருக்கலாம். புருஷனை எதிரில் வைத்துக்கொண்டு, ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் கேட்க, அவன் பெயரை வாய் நிறையச் சொல்லிவிட்டாள். இன்னொரு தடவையும் சொன்னாள். “உக்கிரபாண்டிக்குக் குடுக்கக் கூடாது. அவன் அனுப்புற ஆளுக்கும் குடுக்கக் கூடாது.”

அவன் கையை ஓங்கிக்கொண்டு வந்தான். காய்க்கூடையை இடுப்பில் வைத்திருந்த பெண்கள் குறுக்கே நகர்ந்து நின்றார்கள். ஓங்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான்.

டீச்சர் சுந்தரம்மாளின் முகத்தைப் பார்த்தாள், பேனாவை மூடிவிட்டாள். நான் அவள் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கிக் கண்ணாடியைக் கழற்றி நானே எழுதினேன். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். இருந்தாலும் பெரிதாக எழுதினேன்.

சுந்தரம்மாள் எழுந்தாள். அவள் முகத்தில் அப்போது தெரிந்த அருவருப்பு இருக்கிறதே, என் வீட்டு நாற்றத்துக்குக்கூட அவள் அப்படி முகம் சுளித்ததில்லை. “சீ! புருஷன் பேரைச் சொல்றா. இவளெல்லாம் ஒரு பொம்பளை” என்றாள். அதைச் சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனாள். ஆறு வயசுப் பிள்ளையின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தவளுக்கு இதில்தான் அசிங்கம் தெரிந்தது!

மறுநாள் காலையில் மருதாயி சுருளியைக் கூட்டிக்கொண்டு குரங்கணிக்கு, தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். ராஜாராம் தோட்டத்தில் அவளுக்கு இனி வேலை இல்லை என்று சொல்லி அனுப்பக்கூட அவர்களுக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. என் வீட்டுக்குச் சங்கத்திலிருந்து இரண்டு ஆட்கள் வந்தார்கள். ஒழுக்கம் இல்லாத இடம் என்று முடிவு செய்துவிட்டார்களாம். பால் பவுடரை எடுத்துக்கொண்டார்கள், திறந்து பாதி கரைத்திருந்த டப்பாவைக்கூட விடவில்லை. சுவரில் இருந்த விதிகளையும் கழற்றிக்கொண்டு போனார்கள். தாய்மார்கள் மறுநாளும் விடியும் முன்பே பிள்ளைகளைக் கொண்டுவந்து என் பாயில் கிடத்தினார்கள்.

அந்த வருஷக் கடைசியில் சங்கம் ஒரு விழா நடத்தியது. மைக் செட்டு, தோரணம், பிள்ளைகளுக்கு ஆரஞ்சு மிட்டாய். நான் போக வேண்டும் என்று போகவில்லை. கடைக்குப் போகிற வழியில் பந்தல். மேடையில் சுந்தரம்மாள் மாலையோடு நின்று, நம் ஊரில் வீட்டுக்கு வீடு எழுத்துமூலமான விதிகளைக் கொண்டுவந்திருக்கிறோம் என்று பேசிக்கொண்டிருந்தாள். டீச்சர் கைதட்டினாள். என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பந்தலுக்குப் பின்னால் ராஜாராம் வீட்டு ஜீப்பு நின்றது. அதன் நிழலில் ஒரு பெண் பிள்ளை. சுருளியைவிட ஒரு வயசு குறைவாகத்தான் இருக்கும். கொழுகொழுவென்ற குழந்தை ஒன்றை இடுப்பில் வைத்திருந்தது. பாரம் தாங்காமல் உடம்பு ஒரு பக்கமாக வளைந்திருந்தது. பெரிய இடத்துக் கவுன் ஒன்று அதன் கணுக்கால் வரைக்கும் தொங்கியது.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. “யாரு பிள்ளை நீ?” என்று கத்திவிட்டேன்.

“சிலமலை” என்று ஊர்ப் பெயரைச் சொன்னது.

“ஒன்னைய இங்க எவன் கொண்டாந்து விட்டான்? ஒங்க ஆத்தா எங்க? சொல்லு, நான் கூட்டிட்டுப் போறேன்!”

அந்தப் பிள்ளை மிரண்டுபோய்க் குழந்தையின் காதைத் தன் சின்னக் கையால் பொத்தியது.

“கத்தாதீங்க” என்று கெஞ்சியது. “பாப்பா முழிச்சா என்னையத்தான் அடிப்பாக.”

நான் வாயை மூடிக்கொண்டேன்.